கொங்சி நாய்கள்

(ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்தியபோது தலைவர் "பிராணி நேசர்" என்றார். அது கொஞ்சம் அதிகம். நான் நாய்க்குப் பயந்தவன். பதினான்கு வயதில் ஜெலுத்தோங்கில் சைக்கிளில் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாய் கெண்டைக்காலில் பல்லை வைத்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. மேடையில் வேட்டியைத் தூக்கிக் காட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால், நாயைக் கண்டாலே உருகிப்போகிற ஆள் ஒருவன் வந்திருக்கிறான் என்று நினைத்து யாரும் தூங்கிவிட வேண்டாம்.

இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2026 நம் மலேசியாவுக்குச் சுற்றுலா வருகை ஆண்டு. அடுத்த ஆண்டு தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டி, அதில் பினாங்குக்கும் பங்கு இருக்கிறது. விருந்தாளி வருகிறார் என்றால் நம் வீட்டில் என்ன செய்வோம்? கூடத்தில் கிடக்கும் துணியை வாரி அறைக்குள் எறிந்து கதவைச் சாத்துவோம். நகரங்களும் அதையேதான் செய்கின்றன. என்ன, அவை அறைக்குள் எறிவது துணியை அல்ல.

முதலில் சோச்சிக்குப் போவோம். ரஷ்யாவில் கருங்கடல் ஓரமாக உள்ள ஊர். 2014 பிப்ரவரியில் அங்கே குளிர்கால ஒலிம்பிக். தொடக்க விழா நெருங்கிய நேரத்தில், நாய் பிடிக்கும் வேலையை எடுத்திருந்த தனியார் நிறுவனத்தின் தலைவர் செய்தியாளர்களிடம் பேசினார். தெரு நாய்களை "உயிரியல் குப்பை" என்றார். மனிதர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். மற்ற ஊர்களில் இதையே கோப்பில் வேறு வார்த்தையில் எழுதுவார்கள். உலகம் முழுவதும் கூச்சல் எழுந்தது. ஒலெக் டெரிபாஸ்கா என்ற பெரும் பணக்காரர் காசு கொடுத்தார், ஊருக்கு வெளியே அவசர அவசரமாக ஒரு காப்பகம் எழும்பியது. பனிச்சறுக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய அமெரிக்க வீரர் கஸ் கென்வொர்த்தி அங்கே பார்த்த தெரு நாய்க்குட்டிகளை ஊருக்குக் கொண்டுபோக நின்றார். பத்திரிகைகளுக்கு நல்ல படம் கிடைத்தது.

எல்லாரும் நாய்கள் எங்கே போயின என்று கேட்டார்கள். எங்கிருந்து வந்தன என்பதுதான் என் கேள்வி. விளையாட்டரங்கம் கட்ட ஊரோரத்து வீடுகளை இடித்தார்கள். முற்றத்தில் நாய் வளர்த்தவர்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். நாய் போகவில்லை. கட்டுமான வேலைக்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்தார்கள், சாப்பிட்டதில் மிச்சத்தைப் போட்டார்கள், வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். ஆக, ஒலிம்பிக்குக்கு இடைஞ்சல் என்று விரட்டப்பட்ட நாய்களில் பாதிக் கதை ஒலிம்பிக் எழுதிய கதை.

இதைப் படித்தபோது எனக்குச் சோச்சி தெரியவில்லை, எங்கள் தாமான், எங்கள் குடியிருப்புதான் தெரிந்தது.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு கொண்டோ எழும்பியது. இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை நடந்தது. சுற்றிலும் தகர வேலி, உள்ளே பலகையும் தகரமுமாய்த் தொழிலாளர் தங்கும் கொங்சி. ராத்திரியில் கம்பியும் வயரும் திருடு போகாமலிருக்க வாசலில் ஒரு ஜாகா, காவல்காரர். அவருக்குத் துணையாக ஒரு கறுப்புப் பெட்டை நாய். பெயர் ஹித்தாம். கறுப்பு நாய்க்கு மலாயில் கறுப்பு என்றே பெயர். நம்மவர்கள் கருப்பன் என்று வைப்பதில்லையா, அது மாதிரிதான். ஜாகா தைப்பிங் பக்கத்துத் தமிழர். தான் சாப்பிட்ட சோற்றில் ஒரு பிடியை எடுத்து, மீன் குழம்பைப் பிசைந்து, பெயிண்ட் டின் மூடியில் வைப்பார். நாய் உடனே வாய் வைக்காது. அவர் கை கழுவி வரும் வரை உட்கார்ந்திருக்கும்.

வேலை முடிந்தது. ஒரே நாளில் கொங்சியைப் பிரித்து லோரியில் ஏற்றினார்கள். ஜாகாவை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தகர வேலி போய், பூச்செடி வைத்து, தானாகத் திறக்கும் கேட் போட்டார்கள். பழைய வாசல் இருந்த இடத்தில், இப்போது வெறும் புல்தரை, ஹித்தாம் உட்கார்ந்திருந்தது. காவல் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்த்துக் குரைத்தது. அதற்கு அவர்கள்தானே அந்நியர்கள்! மூன்றாம் மாதம் லோங்காங், அதாவது சாக்கடை, ஓரத்துக் குழாய்க்குள் ஆறு குட்டி போட்டது. கொண்டோவின் வாட்ஸ்அப் குழுவில் "தெரு நாய்த் தொல்லை" என்று புகார் கிளம்பியது அதற்கப்புறம்தான்.

இந்தத் தீவில் கட்டுமானம் நடந்த இடத்தை எல்லாம் ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். இப்போது எல்.ஆர்.டி. ரயில் பாதை வேலை தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு சைட்டிலும் ஒரு ஹித்தாம் இருக்கும்.

சரி, மற்ற ஊர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2012-ல் உக்ரைனும் போலந்தும் சேர்ந்து ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியை நடத்தின. அதற்கு முந்தைய ஆண்டு உக்ரைனில் நாய்களைக் கொல்கிறார்கள் என்று பெரிய கண்டனம் எழ, சுற்றுச்சூழல் அமைச்சரே நவம்பரில் முன்வந்து, ஆறு மாதத்துக்கு நிறுத்துங்கள் என்று நகரங்களைக் கேட்டுக்கொண்டார். இப்போது அதே குற்றச்சாட்டு மொரோக்கோ மீது. 2030 உலகக் கிண்ணத்தை ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து நடத்தப் போகிற நாடு. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் இது பற்றி ஃபிஃபாவுக்கே கடிதம் எழுதினார். மொரோக்கோ அரசு மறுக்கிறது, பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுத் திரும்ப விடுகிறோம் என்கிறது.

டில்லியைச் சுருக்க மனம் வரவில்லை. 2010 காமன்வெல்த் விளையாட்டின்போது, வீரர்கள் தங்க வேண்டிய அறையில் கட்டில் மெத்தை மேல் நாயின் காலடித் தடம் பதிந்திருந்த படம் உலகம் சுற்றியது. எந்த வீரருக்கும் முன்னால் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டது! 2023 செப்டம்பரில் ஜி20 மாநாடு. நாய் பிடிக்க மாநகராட்சி உத்தரவு போட்டது, எதிர்ப்பு வந்ததும் ஆகஸ்டில் வாபஸ் வாங்கியது. அப்படியும் மாநாட்டுக்கு முன் சுமார் ஆயிரம் நாய்கள் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. குரங்குகளை விரட்டக் கருமுகக் குரங்கு உருவத்தை அட்டையில் வெட்டி வைத்தார்கள். அது போலக் கத்தத் தெரிந்த ஆட்களையும் வேலைக்கு வைத்தார்கள். நாய் விஷயத்தில் இந்தக் கற்பனை வேலை செய்யவில்லை.

கண்ணுக்கு மறைப்பது என்றால் தீவைவிடத் தோதான இடம் இல்லை. 1910-ல் இஸ்தான்புல் நகரை நவீனமாக்கப் போகிறோம் என்று பல்லாயிரக்கணக்கான நாய்களைப் படகில் ஏற்றித் தண்ணீரில்லாத ஒரு பாறைத் தீவில் இறக்கிவிட்டார்கள். ஊளை கரை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். அது எங்கோ துருக்கியில் நடந்தது என்று தள்ளிவிட முடியாது. 2009-ல் கிள்ளானுக்கு எதிரே புலாவ் கெத்தாமில் முந்நூறுக்கு மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புத் தீவுகளில் விட்டார்கள். பசி தாங்காமல் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிட்டன. விழா எதுவும் இல்லாமலே நமக்கு இது கைவந்திருக்கிறது. 2024 அக்டோபரில் தெரங்கானு, பெசுட்டில் கோப்பி என்ற தெரு நாய் சுடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பிராணிகள் நலச் சட்டம் 2015-லேயே வந்துவிட்டது. கொடுமை செய்தால் இருபதாயிரம் வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம்.

பினாங்குக்காரர்கள் 2015 செப்டம்பரை மறக்க மாட்டோம். ரேபிஸ் இல்லாத நாடு என்று மூன்று வருஷத்துக்கு முன்புதான் பெயர் வாங்கியிருந்தோம். நோய் திரும்பி வந்தது: பெர்லிஸ், கெடா, அப்புறம் இங்கே. தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது, எதிர்ப்பும் வந்தது, ஊரே இரண்டாகப் பிரிந்தது. எங்கள் வீட்டிலேயே பிரிந்தது. என் அண்ணன் மகளுக்கு அப்போது நான்கு வயது. அண்ணி சொன்னதை இன்றைக்கும் என்னால் தட்ட முடியாது: "உங்க நாய்க்காக என் பிள்ளை சாகணுமா?" ரேபிஸ் முற்றி அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் அதில் போகிறார்கள், கிட்டத்தட்ட எல்லாமே நாய்க்கடியால். அண்ணியின் பயத்தைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஓர் ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சங்கிலி அறுந்துபோகும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது. கண்ணில் பட்டதைக் கொன்றால் என்ன ஆகும்? ஊசி போட்ட நாயும் சேர்ந்து போகும். காலியான இடத்துக்கு, பசார் மாலாம் இரவுச் சந்தைக் குப்பைத் தொட்டியின் வாசத்துக்கு, அடுத்த வட்டாரத்திலிருந்து ஊசி போடாத நாய் வரும். தொட்டி அப்படியே இருக்கும்போது வாடிக்கையாளர் மட்டும் மாறுவார். இதை மாமாக் சாப்பாட்டுக் கடை முதலாளிக்கு விளக்க வேண்டியதில்லை.

சென்னை இதைக் கடினமான வழியில் கற்றது. 1860 வாக்கில் அங்கே தொடங்கிய நாய் கொல்லும் வேலை நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. கொன்ற நாயின் தோலில் கழுத்து டை, பணப்பை எல்லாம் செய்து பார்த்தார்களாம். அவ்வளவு கொன்றும் நாய் குறையவில்லை. 1996-ல்தான், புளூ கிராஸ் என்ற பிராணி நல அமைப்பு பல வருஷம் சொல்லிச் சொல்லி, கருத்தடைப் பக்கம் மாநகராட்சி திரும்பியது. அதற்காகச் சென்னையில் இன்றைக்கு நாய்த் தொல்லை இல்லை என்று நான் சொன்னால், அங்கே சொந்தக்காரர் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். கருத்தடையை அரைகுறையாகச் செய்தால் செய்யாததற்குச் சமம். இந்திய உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்ட் 11 அன்று டில்லி வட்டாரத் தெரு நாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் ஊசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறியுள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது. நீதிமன்றத்துக்கே தலை சுற்றுகிற விஷயம் இது.

முழுதாகச் செய்த நாடும் உண்டு. பூட்டான் 2009-ல் தொடங்கி 2023-ல் தன் தெரு நாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடிந்ததென அறிவித்தது. பதினான்கு வருஷம். பெட்டை நாய் சினையாகி ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும், அந்தக் குட்டி வருஷம் திரும்புவதற்குள் தாயாகிவிடும். விழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது விழித்துக்கொள்கிற அதிகாரிக்கு லோரியும் கண்ணியும் தவிர வேறு எதுவும் கைக்கு எட்டாது. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. கட்டட அனுமதி கொடுக்கும் அன்றைக்கே, சைட்டில் நாய் வைத்தால் கருத்தடை செய், முடிந்து போகும்போது கூட்டிக்கொண்டு போ என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஹித்தாம் லோங்காங்கில் பிள்ளை பெற்றிருக்காது. நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.

ஹித்தாம் என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் அக்கா ஒருவர் அப்போதே கேட்டுவிட்டார். சொல்கிறேன். நானும் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரும் ஒரு கம்பிக் கூண்டு இரவல் வாங்கி வந்தோம். உள்ளே கடைசியில் ஒரு மிதிபலகை இருக்கும், நாய் காலை வைத்தால் கதவு விழும். முதல் ராத்திரி சர்டின் வைத்தோம். கழுத்தை மட்டும் நீட்டி, பலகையை மிதிக்காமல், முக்கால்வாசியைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. இரண்டாம் ராத்திரி பூனை விழுந்தது. மூன்றாம் ராத்திரி மழை. நான்காம் ராத்திரி பெரியவர் ஒரு யோசனை சொன்னார். பெயிண்ட் டின் மூடி ஒன்றைத் தேடி எடுத்து, சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து வைத்தோம். கூண்டு முன்னால் வந்து உட்கார்ந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது. யாரோ கை கழுவி வரட்டும் என்று காத்திருந்த மாதிரி. அப்புறம் உள்ளே போனது.

கருத்தடை செய்து, ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக வெட்டி, திரும்பக் கொண்டு வந்து விட்டோம். குட்டிகளில் நான்குக்கு வீடு கிடைத்தது. இரண்டு பிழைக்கவில்லை. ஹித்தாம் இப்போது பஸ் ஸ்டாப் நிழலில் படுத்திருக்கிறது. குடியிருப்பவர்களைப் பார்த்து இப்போது குரைப்பதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கும், கூண்டு ஞாபகம் போலும்.

எல்.ஆர்.டி. சைட் ஒன்றின் பக்கத்தில் இன்னொரு பெட்டை சுற்றுகிறது. வயிறு இன்னும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போகிறோம். பெரியவருக்கு இடுப்பு வலி, கூண்டு தூக்க இரண்டு பேர் வேண்டும். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். மீன் குழம்பு எங்கள் வீட்டில் வைத்துவிடுவார்கள். நன்றி, வணக்கம்.