தனக்குள் அடங்காத கப்பல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

1968-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் டிஸ்கவரி என்ற விண்கப்பல் வருகிறது. முன்னால் ஒரு வெள்ளைக் கோளம், அதன் பின்னே முதுகெலும்பு போலக் கணுக்கணுவாக நீளும் தண்டு, கடைசியில் எஞ்சின்கள். அந்தக் கப்பலை அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் மீண்டும் செய்து பார்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. அந்தக் கோளத்தின் விட்டம் என்ன?

குப்ரிக்குடன் சேர்ந்து படத்தின் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், அதே பெயரில் எழுதிய தம் நாவலில் கோளத்துக்கு 40 அடி கொடுக்கிறார். அதற்குள் சுழன்று செயற்கை எடையை உண்டாக்கும் உருளைக்கு 35 அடி. ஆனால் படத்துக்காகக் கட்டிய சுழலும் செட்டின் விட்டம் 38 அடி, அகலம் 10 அடி. தாளையும் பென்சிலையும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 40 அடிக் கோளத்தின் நடுவில் இந்த உருளையை வைத்தால், அதன் விளிம்புக்கும் கோளத்தின் வெளிப்பரப்புக்கும் இடையே நான்கு அங்குலம்தான் மிஞ்சுகிறது. உருளையின் தரை, சுழல்வதற்கான இடைவெளி, விண்வெளியைத் தடுத்து நிற்கும் கப்பல் சுவர், எல்லாம் அந்த நான்கு அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். உருளைக்கு முன்னால் எஞ்சும் இடத்தில் மூன்று சிறுகலங்கள் நிற்கும் கூடமும் கட்டுப்பாட்டு அறையும் வேறு இருக்கின்றன.

சிலர் உள்ளறைகளைச் சுருக்கி இதைத் தீர்க்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அந்த அறைகளில் மனிதர்கள் நடப்பதை நாம் பார்த்துவிட்டோம். படத்தில் நமக்குக் கிடைக்கும் நம்பகமான அளவுகோல் மனித உடல் ஒன்றுதான். ஆகவே கோளத்தைத்தான் பெரிதாக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கும் விலை உண்டு. கோளம் வளர்ந்தால், படத்தில் தெரியும் விகிதப்படி முழுக் கப்பலும் கூடவே நீளும். கிளார்க் சொன்ன ஏறக்குறைய 400 அடியை அப்போது கைவிட வேண்டியிருக்கும்.

அசலை அளந்து பார்த்தால் வழக்கு முடிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அசல் இல்லை என்பதுதான் துயரம். படத்துக்காகச் செய்த பெரிய மாதிரியின் நீளம் 54 அடி. பிறர் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று வரைபடங்களும் மாதிரிகளும் பின்னர் அழிக்கப்பட்டன. 1984-இல் பீட்டர் ஹையம்ஸ் அதன் தொடர்ச்சியைப் படமாக்கியபோது, அவருடைய குழுவினர் பழைய படத்தின் சட்டகங்களைப் பெரிதாக்கிப் பார்த்தே டிஸ்கவரியை மறுபடியும் கட்டினார்கள். ஒரு பெரிய ஸ்டுடியோவே ரசிகன் செய்யும் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது! குப்ரிக்கின் படத்தில் வந்த உருண்டையான நிலவுக் கப்பலின் மாதிரி மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது. 2015-இல் அது ஏலத்துக்கு வர, ஆஸ்கர் விருது வழங்கும் அகாதெமி 3,44,000 டாலருக்கு வாங்கிப் பாதுகாத்துவருகிறது.

இன்னொரு வழக்கு இறக்கைகளைப் பற்றியது. அணுசக்தி எஞ்சினின் வெப்பம் வெற்றிடத்தில் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். அதற்கு அகன்ற தகடுகள் தேவை. தொடக்க வரைபடங்களில் அவை இருந்தன. காற்றே இல்லாத இடத்தில் எதற்கு இறக்கை என்று பார்வையாளர்கள் குழம்புவார்கள் என்பதால் நீக்கிவிட்டார்கள். தகடுகளைச் சேர்த்துச் செய்பவர்களின் அறிவியல் சரியானதுதான். ஆனாலும் நான் சேர்க்கமாட்டேன். நான் திரும்பச் செய்ய விரும்புவது திரையில் கண்ட கப்பலை.

எனக்கு மிகவும் பிடித்த வாதம் ஓட்டத்தைப் பற்றியது. விண்வெளி வீரர் அந்த உருளைக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் காட்சியை மறக்க முடியுமா? நாவலின்படி உருளை பத்து விநாடிக்கு ஒரு முறை சுழன்று, நிலவில் இருப்பது போன்ற எடையைத் தருகிறது. அப்படியானால் அதன் விளிம்பு மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அது ஒரு மனிதன் சாதாரணமாக ஓடும் வேகம். சுழற்சிக்கு எதிராக அதே வேகத்தில் ஓடினால் அவருடைய எடை முழுவதும் கரைந்து, கால் தரையை விட்டுப் பிரிந்து, மிதக்கத் தொடங்கிவிடுவார். சுழலும் திசையிலேயே ஓடினால் கால்கள் கனக்கும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்ட இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

அன்றுமுதல் என் மேசையில் இருக்கும் கோளத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன். உள்ளே உருளை சுழல்கிறது. ஓடும் மனிதனின் பொம்மையையும் செய்துவிட்டேன், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அவனை எந்தப் பக்கம் பார்க்க வைத்து ஒட்டுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.