சட்டியின் சத்தம் அடங்கும்வரை

நேயர்களுக்கு மாலை வணக்கம்.

மணி ஆறரை. உங்களில் பாதிப்பேர் கோலாலம்பூரின் ஃபெடரல் நெடுஞ்சாலையிலோ ஜாலான் ஈப்போவிலோ, முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்கள் வீடு வந்து சேர்ந்து, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரவுக்கு என்ன செய்வது என்று நின்றுகொண்டிருப்பீர்கள். அதை முதலில் மூடுங்கள், மின்கட்டணம் ஏறும். இன்று நான் சொல்லப்போவது அரை மணி நேரத்துக்குள் முடிகிற சமையல். ஒரு பாக்கெட் ஸ்பகெட்டி, உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி கொஞ்சம், பூண்டு, மிளகு. இருந்தால் சீஸ்.

நான் இடைநிலைப்பள்ளியில் மனையியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், நலம் விசாரிப்பதற்கு முன்பே, "டீச்சர், நான் தண்ணீரைக் கொட்டுவதே இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். அது எந்தத் தண்ணீர் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இறைச்சி.

ரோம் நகரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள் கிரீச்சா என்று ஒரு பாஸ்தா செய்கிறார்கள். பன்றியின் தாடைக் கறியில் உப்பும் மிளகும் தடவி, வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அதற்குப் பெயர் குவாஞ்சாலே. வயிற்றுக் கறியில் செய்தால் பஞ்செட்டா. அந்தக் குவாஞ்சாலேயைத் துண்டு போட்டு வறுத்து, செம்மறிப் பாலில் செய்த பெக்கோரினோ சீஸும் மிளகும் சேர்த்துப் பாஸ்தாவில் புரட்டினால் கிரீச்சா. அதிலேயே தக்காளி விழுந்தால் அமத்ரிச்சானா. அமத்ரிச்சே என்னும் மலையூரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெங்காயத் தாளிப்பு இல்லை, அரைத்துவிட்ட மசாலா இல்லை. நான்கே பொருள். எங்கிருந்து வருகிறது அத்தனை ருசி? அந்த இறைச்சியில் பாதிச் சமையல் ஏற்கனவே முடிந்துவிட்டது, அதனால்தான். உப்பு ஈரத்தை வெளியே இழுத்துவிட்டது. காற்று மிச்சத்தை உலர்த்திவிட்டது. ருசி சுண்டி நிற்கிறது. யாரோ ஒருவர் வாரக்கணக்கில் பொறுமையாக இருந்ததன் பலனை நாம் அரை மணி நேரத்தில் சாப்பிடுகிறோம். மிளகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முசிறித் துறையிலிருந்து ரோமுக்குக் கப்பல் ஏறிய சரக்கு அது. இன்றைக்கு நமக்குச் சரவாக்கிலிருந்தே நல்ல மிளகு வருகிறது. இத்தாலியர்களிடம் கூச்சப்படாமல், இடித்துத் தாராளமாகப் போடுங்கள்.

சரி, நம் வீட்டுக்கு எந்த இறைச்சி? இங்கேதான் கோலாலம்பூர் சமையலறையின் சிக்கல் தொடங்குகிறது. பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. பெரிய பேரங்காடிகளில் ஹலால் அல்லாத பொருட்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே பேக்கன் கிடைக்கும். சீனர் கடைகளில் தொங்கும் லாப் சியோங் என்னும் உலர்ந்த பன்றித் தொத்திறைச்சியும் நல்ல சரக்குதான், ஆனால் அதில் சர்க்கரை உண்டு, சீக்கிரம் கருகும், தீயை மேலும் குறைத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி பேக்கன் அருமையாக மொறுமொறுக்கும், ஆனால் நம்மில் பலர் அதைத் தொடமாட்டோம். கோழியிலும் வான்கோழியிலும் செய்த பேக்கனைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம், வறுத்தால் தோல் செருப்பு. அதை வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசைக்கு என் சிபாரிசு புகையூட்டிய வாத்து நெஞ்சுக்கறி. நம் ஊர்ப் பேரங்காடிகளில் உறைநிலைப் பெட்டியில், காற்று நீக்கிய பொட்டலத்தில் இருக்கும். ஜாக்கிமின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் முஸ்லிம் நண்பர்களையும் தைரியமாக அழைக்கலாம். ஒரு பக்கம் முழுவதும் தடித்த கொழுப்பு. அந்தக் கொழுப்புதான் நமக்கு வேண்டும். கேட்கிறீர்களா? கறியைவிடக் கொழுப்புதான் வேண்டும். பாஸ்தாவுக்குக் குழம்பாகப் போவது அதுதான்.

இப்போது அடுப்புக்கு வாருங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீரை ஏற்றிவிடுங்கள். ஆளுக்கு 100 கிராம் ஸ்பகெட்டி, அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர். வழக்கமாக லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பார்கள். இறைச்சியிலும் சீஸிலும் உப்பு இருப்பதால் பாதி போதும், ஒரு சிறிய கரண்டி.

தண்ணீர் கொதிப்பதற்குள் வாத்துக்கறியின் ஈரத்தைத் தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். அகலமான சட்டியை அடுப்பில் வையுங்கள். தீ மூட்டாதீர்கள்! கறியைச் சட்டியில் பரப்பிய பிறகுதான் தீ. எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். நம் கை பழகியது சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதற்கு, எனவே குளிர்ந்த சட்டி என்றால் மனம் ஒப்பாது. கொதிக்கிற சட்டியில் போட்டால் கறியின் வெளிப்புறம் நொடியில் முறுகிவிடும், கொழுப்பு உள்ளேயே தங்கி வாயில் வழவழக்கும். குளிர்ந்த சட்டியில் மெதுவாகச் சூடேறினால் கொழுப்பு முதலில் உருகி வெளியே வரும், அந்தக் கொழுப்பிலேயே கறி பொரியும்.

இனிமேல் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வானொலியில் இந்தச் சமையலைச் சொல்ல நான் ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். முதலில் சத்தமே இருக்காது. பிறகு மெல்லிய முணுமுணுப்பு. அப்புறம் சடசடவென்று பெரிய ஆரவாரம், ஒன்றிரண்டு துளி கையிலும் தெறிக்கும். அது கறியில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிற சத்தம். பயந்து தீயைக் கூட்டாதீர்கள், குறைக்கவும் வேண்டாம். ஏழெட்டு நிமிடத்தில் அந்த ஆரவாரம் தானாக அடங்கும். குமிழ்கள் சிறியதாகும், சத்தம் தணியும். தண்ணீர் போய்விட்டது என்று சட்டி சொல்கிறது. தண்ணீர் போனால்தான் மொறுமொறுப்பு. அந்தக் கணத்தில் துண்டுகளை அள்ளித் தட்டில் வையுங்கள். இன்னும் ஒரு நிமிடம் என்று நின்றால் கசக்கும். தட்டை மூடவும் கூடாது, மூடினால் ஆவியில் நமுத்துப்போகும். நம் அப்பளத்தை நாம் மூடியா வைக்கிறோம்? மறுபடியும் சொல்கிறேன்: குளிர்ந்த சட்டி, நடுத்தரத் தீ, சத்தம் அடங்கும்வரை.

சட்டியில் இப்போது தங்க நிறத்தில் கொழுப்பு நிற்கும். இரண்டு மேசைக்கரண்டி இருக்கட்டும், மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், மறுநாள் உருளைக்கிழங்கு வறுக்கலாம். இருக்கிற கொழுப்பில் நசுக்கிய பூண்டும் இடித்த மிளகும். பூண்டு நிறம் மாறும்போது தீயை அணைத்துவிடுங்கள்.

இப்போது என் மாணவிகளின் தண்ணீர். பாஸ்தா வெந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அதில் மாவுச்சத்து கரைந்து கிடக்கிறது. வடித்த கஞ்சியை நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? உப்புப் போட்டுக் குடித்தார்கள், சேலைக்குப் போட்டார்கள், தரையில் ஊற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாஸ்தாத் தண்ணீரும் அப்படித்தான். கொழுப்பும் தண்ணீரும் தாமாகச் சேராது, நடுவில் மாவுச்சத்து புகுந்தால் சேரும். ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே ஸ்பகெட்டியை இடுக்கியால் எடுத்துச் சட்டியில் போட்டு, ஒரு கரண்டித் தண்ணீரும் ஊற்றி, தீயை ஏற்றிப் புரட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீரும் கொழுப்பும் சேர்ந்து பளபளவென்று ஒவ்வோர் இழையிலும் ஒட்டும். வறண்டால் இன்னொரு கரண்டி. தீயை அணைத்த பிறகு துருவிய சீஸ். கொதிக்கும்போது போட்டால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். கடைசியாக, சாப்பிட உட்காரும்போதுதான், மொறுமொறுத் துண்டுகளை மேலே தூவ வேண்டும்.

சிலர் இந்த இடத்தில் டின் கிரீமைத் திறப்பார்கள். ஒரு பேரங்காடி வளாகத்துச் சிற்றுண்டிக் கடையில் முட்டையும் சீஸும் சேர்த்துச் செய்யவேண்டிய கார்போனாரா என்ற பெயரில் எனக்கு ஒரு வெள்ளைக் குளம் பரிமாறினார்கள், நடுவில் இரண்டு ஹாம் துண்டுகள் நீந்திக்கொண்டிருந்தன. முப்பது ரிங்கிட்டுக்கு மேல். நான் ஒன்றும் சொல்லவில்லை, என் கணவர்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்.

என் கணவரைச் சொன்னதும் அவருடைய அம்மாவைச் சொல்லாமல் போக முடியாது. அத்தை செந்தூல் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர். மாமாவுக்குப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கினால், ஒரு பங்கை எடுத்து நீள நீளமாகக் கீறி, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துத் தடவி, நூலில் கோத்து உப்புக்கண்டம் போடுவார். கோலாலம்பூரில் உப்புக்கண்டம் போடுவது லேசான காரியமா? காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், மூன்று மணிக்கு இடி இடித்துக்கொண்டு மழை கொட்டும். மேகம் கறுத்தால் அத்தை எல்லாவற்றையும் போட்டுவிட்டு நூலை நோக்கி ஓடுவார். காக்கைகள் வேறு. ஈரம் போகாத கண்டம் கெட்டுவிடும் என்பதால், மழை நாட்களில் அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடுவார். வீடு முழுக்க மணக்கும், அண்டை வீட்டுச் சீனத்துப் பாட்டி எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போவார்.

ஒருநாள் நான் ஸ்பகெட்டி வேகவைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பானைக்குள் பார்த்து, "இது சீனர் மீதானே, எதற்கு இத்தனை விலை?" என்றார். மீ என்றால் எங்கள் ஊரில் நூடுல்ஸ். மார்கோ போலோ சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுபோனது என்று என் கணவர் பெரிய விளக்கம் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மார்கோ போலோ ஊர் திரும்பியது 1295இல். அல் இத்ரீசி என்னும் அரபு புவியியலாளர், சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் உலர்ந்த பாஸ்தா செய்து கப்பல் கப்பலாக முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள் என்று 1154இலேயே எழுதிவிட்டார். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தை நூலிலிருந்து நாலு கண்டத்தை உருவி, அம்மியில் வைத்துத் தட்டி, நல்லெண்ணெயில் போட்டுவிட்டார். எந்த மீயாக இருந்தால் என்ன, இது இல்லாமல் எப்படி இறங்கும் என்பது அவர் கட்சி.

அன்றைக்குச் சாப்பிட்ட ருசிக்கு எந்த ஓட்டலிலும் ஈடு கிடைக்கவில்லை. உப்புக்கண்டத்தில் கொழுப்பு கிடையாது, ஆகவே இங்கே மட்டும் எண்ணெய் வேண்டும்: மூன்று கரண்டி நல்லெண்ணெய், மிதமான தீ. கண்டம் காய்ந்தது என்பதால் ஓரிரு நிமிடத்தில் பொரிந்துவிடும். எடுத்து உரலில் தட்டிப் பிய்த்துக்கொள்ளுங்கள். அதே எண்ணெயில் பூண்டு, கறிவேப்பிலை, மிளகு. பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பே போடாதீர்கள், கண்டத்தில் இருப்பது போதும். சீஸ் வேண்டாம், நல்லெண்ணெயும் சீஸும் ஒன்றோடொன்று பேசாது. இறக்கியதும் லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சை இரண்டைப் பிழிந்துவிடுங்கள். கண்டம் போட நேரமில்லாதவர்கள் தெரிந்த கடையில் வாங்கிக்கொள்ளலாம், நூலில் கோத்ததா, கையில் எடுத்தால் உடைகிற அளவுக்குக் காய்ந்ததா என்று மட்டும் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் விரலைச் சுழற்றுகிறார். முட்டை சேர்க்கும் கார்போனாராவை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எழுதி எடுத்து வந்தேன், இரண்டு பக்கம் அப்படியே இருக்கிறது. வேகமாகச் சொல்கிறேன். இரண்டு பேருக்கு ஒரு முழு முட்டை, கூடவே இரண்டு மஞ்சள் கரு, ஒரு கைப்பிடி சீஸ், மிளகு, எல்லாம் தனிக் கிண்ணத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பாஸ்தாவைக் கொழுப்பில் புரட்டி, அடுப்பை அணைத்து, அரை நிமிடம் ஆறவிட்டு, பிறகு ஊற்றிக் கிளறுங்கள். 65 பாகை செல்சியஸைத் தாண்டத் தாண்ட மஞ்சள் கரு இறுகும், அடுப்பு எரிந்தால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும்.

சைவ நேயர்களை மறக்கவில்லை. காளானை மெல்லியதாக நறுக்கி, உப்புப் போடாமல், அகலமான சட்டியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி வறுங்கள். காளான் முழுக்கத் தண்ணீர், சத்தம் அடங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அடங்கிய பிறகு வெண்ணெயும் உப்பும். பார்மேசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது, ஆகவே உறையில் சைவ முத்திரை உள்ள சீஸ்... சரி, சரி, எழுந்துவிட்டேன். வணக்கம்.