கட்டடத்துக்கு நாடி பார்க்கும் வேலை

வணக்கம் நேயர்களே. அண்மையில் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை அண்ணன் கேட்டார்: "தம்பி, என் மகன் போலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் முடிச்சிட்டான். நீங்க பார்க்கிற எனர்ஜி ஆடிட்டர் வேலைக்கு அது போதுமா?" ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மலேசியாவின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் எரிசக்திப் பயன்பாடு, அதாவது நம் மின் பில் கணக்கில் 60 லட்சம் யூனிட், அந்த அளவைத் தொடும் இடங்களில் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளர் இருக்க வேண்டும். எரிசக்தித் தணிக்கையை, அதாவது எரிசக்தி எங்கே வீணாகிறது என்று அளந்து பார்க்கும் வேலையை, பதிவு பெற்ற தணிக்கையாளர் (எனர்ஜி ஆடிட்டர்)தான் செய்யலாம். இரண்டும் தனித்தனிப் பதிவு; ஒன்று கையில் இருந்தால் மற்றது தானாக வராது. பதிவு செய்வது சுருஹான்ஜாயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையம். தொழில்நுட்பப் படிப்பு, கள அனுபவம், பயிற்சி, தேர்வு எல்லாம் தாண்டித்தான் அங்கே போக முடியும். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், அந்த நிலையத்தை ஆணையம் ஏற்றிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கட்டிய பிறகு பார்ப்பவர்கள்தான் எனக்கு அதிகமாக போன் செய்கிறார்கள்.

சரி, எலெக்ட்ரிக்கல் மட்டும் போதுமா? ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகக் கட்டடம். எல்லாரும் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மெயின் போர்டில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மாட்டி, அளவைப் பதிவு செய்யும் லாகரை ஒரு வாரம் ஓடவிட்டோம். வரைபடத்தில் இரவு இரண்டு மணிக்கும் கோடு இறங்கவே இல்லை. வயரிங்கில் ஒரு குறையும் கிடையாது. மேல்மாடி ஏர்கோன் அறைக்குப் போனால், டைமரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயர் இணைத்திருக்கிறது. எப்போதோ டைமர் கெட்டபோது யாரோ தற்காலிகமாகப் போட்டது. ஆளில்லாத மாடிகளுக்கு விடிய விடியக் குளிர்காற்று!

நம் நாட்டு அலுவலகங்களில் மின்சாரத்தில் பெரும்பங்கு ஏர்கோனுக்குத்தான் போகிறது. அதனால் கட்டடம் முழுவதையும் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் தெரிய வேண்டும், மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் மாலை நான்கு மணிக்கு என்ன செய்யும் என்பதும் தெரிய வேண்டும். ஒரு கட்டடம் மின்சாரத்தை எவ்வளவு தின்கிறது என்று பார்க்கும் கணக்கு என்னவோ எளிது: ஓராண்டு யூனிட்டைத் தளப்பரப்பால் வகுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் கட்டடம் 20 லட்சம் யூனிட் எடுத்தால், சதுர மீட்டருக்கு 200. புத்ராஜெயாவில் ஆணையத்தின் சொந்த வைரக் கட்டடம் அதைவிட மிகக் குறைவாக எடுக்கும்படி திட்டமிடப்பட்டது. இடையில் இருக்கும் தூரத்தில்தான் நம் பிழைப்பு.

ஆகவே அண்ணே, மகனின் டிப்ளோமா நல்ல தொடக்கம். சில்லர் அறையில் பத்து வருஷம் எண்ணெய்க் கையோடு நின்றவர்களுக்கும் இதையே சொல்வேன். அறிக்கையை ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுத வேண்டுமே என்று தயங்காதீர்கள், எழுத்து பழகிவிடும். மகனை என்னோடு அடுத்த தணிக்கைக்கு அனுப்புங்கள். முதல் நாள் ஏணிதான் பிடிக்கச் சொல்வேன். சம்பளம் உண்டு, கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.