முதிரையைத்தான் முதல்ல காப்பாத்தோணும்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். வன்னிக் காட்டில முதல்ல காப்பாத்த வேண்டியது பாலை மரமா முதிரை மரமா எண்டதுதான் இண்டைக்குத் தலைப்பு. எனக்கு முன்னால கதைச்ச எதிரணி அக்கா பாலைப்பழம், கரடி, தேன் எண்டு சொல்லிச் சொல்லி உங்களுக்கெல்லாம் வாயூற வச்சுப்போட்டுப் போயிட்டா. ஓம், நானும் பாலைப்பழம் தின்னுறனான்தான், பால் உதட்டில ஒட்டினா தேங்காயெண்ணெய் போட்டு உரஞ்சித்தான் எடுக்கோணும், அது வேற கதை.

அக்கா, பாலை சப்போட்டாவின்ர சொந்தம், இலுப்பையும் அதே குடும்பம். முதிரை ஆர் தெரியுமோ? தேசி, விளாத்தி, கறிவேப்பிலை இருக்கிற குடும்பம். முந்தி றொக்ஸ்பரோ எண்ட வெள்ளைக்காரத் தாவரவியலாளர் இதை மகோகனியோட சேர்த்து வச்சவர், பிறகுதான் பிரிச்சு எடுத்தவை. ரெண்டும் எங்கட வறண்ட காட்டிலதான் பக்கத்தில பக்கத்தில நிக்குது, பாலை வருசம் முழுக்கப் பச்சையா நிக்கும், முதிரை வெயிலுக்கு இலையைக் கொட்டிப்போட்டு நிக்கும்.

இப்ப விசயத்துக்கு வாறன். பழக் காலத்தில ஏ9 ரோட்டோரம் பாலைப்பழம் குவிச்சு விக்கேக்க எல்லாருக்கும் அந்த மரத்தின்ர நினைப்பு வரும், கொப்பை வெட்டினா ஏசுறதுக்கும் ஆக்கள் இருக்கு. முதிரை பூக்கிறது ஆருக்குத் தெரியும்? வெள்ளையாச் சின்னப் பூ, காய் காய்ஞ்சு மூண்டா வெடிக்கும், உள்ளுக்க கடதாசி மாதிரிச் செட்டையோட விதை, தின்ன ஒண்டும் இல்லை. அதால அதை அண்ணாந்து பார்க்கிறவன் வாள் மிசின் வச்சிருக்கிறவன் மட்டுந்தான்! கோணல் மரத்தை விட்டுட்டு நேரா வளர்ந்த பெரிய மரத்தைத்தான் அடியோட தறிக்கிறான். பாலை விதையைக் கரடியும் குரங்கும் தூரக் கொண்டு போகும், முதிரை விதை காத்தை நம்பித்தான் இருக்கு, தாய் மரமே லொறியில ஏறிட்டா காத்து எதைக் கொண்டு போறது?

உலக அளவில இயற்கையைப் பாதுகாக்கிற ஐயுசிஎன் எண்ட அமைப்பு 1998லயே முதிரையைச் சிவப்புப் பட்டியலில அழியக்கூடிய நிலை எண்டு போட்டது. பலகை ஏத்திறதுக்கு பெர்மிட் வேணும், ஆனா இரவில காட்டுப் பாதையால போறவன் பெர்மிட் எடுத்துக்கொண்டா போறான்? நடுவர் ஐயா, குறை நினைக்காதேங்கோ, நீங்கள் இருக்கிற கதிரையின்ர கைப்பிடியில அந்த மஞ்சள் பட்டு மினுக்கத்தைப் பார்த்தா எனக்கு முதிரை எண்டுதான் படுது.

பாலையையும் வெட்டுறாங்கள், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பாலைக்காகக் கதைக்கப் பழம் திண்ட ஊரே இருக்கு. முதிரைக்காகக் கதைக்க ஆர் இருக்கினம் எண்டதை எதிரணியில அடுத்து எழும்புறவர் சொல்லட்டும்.