பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பனிக்காலத்திலும் ஓட்டலாம்: துருவைத் தடுக்க நான் செய்யும் வேலைகள்

வணக்கம் நண்பர்களே. கார் ஸ்டாண்டு மேல் ஏறி நிற்கிறது, நான்கு சக்கரங்களையும் கழற்றியாகிவிட்டது. பனி உறைந்து வழுக்காமல் இருக்கச் சாலையில் போடும் உப்பை இன்னும் போட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். செய்துகொண்டே பேசுகிறேன், கூடவே பாருங்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலர் பனிக்காலம் வந்ததும் துணி போட்டு மூடிவிடுவார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் வேறு கார் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பனி விழுந்த சாலையில் பின்சக்கரம் தள்ளும் காரை ஓட்டுகிற சுகத்தை விட மனசு வராதவர்களும் இருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். தாராளமாக ஓட்டலாம். குளிர் மட்டும் இரும்பை ஒன்றும் செய்யாது. உப்புத் தண்ணீர் ஒரு மூலையில் புகுந்து, வெளியேற வழியில்லாமல் வாரக்கணக்கில் அங்கேயே கிடப்பதுதான் காரை அரிக்கிறது. தேங்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்றைக்கு நான் செய்யப்போகும் வேலை முழுக்க அதற்காகத்தான்.

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் இருந்தாலே போதும். உப்புக் கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் அந்த வேதிவினை வேகமெடுக்கிறது. குளோரைடு வேறு, உலோகத்தின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை உடைத்துவிடுகிறது. இதோடு இன்னொரு விஷயமும் உண்டு. 23 சதவீதம் உப்புக் கரைந்த தண்ணீர் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. கட்டியாகிக் கிடக்க வேண்டிய தண்ணீர், உப்பின் தயவால் திரவமாகவே இருந்து காருக்கு அடியில் தெறிக்கிறது. சில இடங்களில் சாதாரண உப்புக்குப் பதிலாகக் கால்சியம் குளோரைடோ மெக்னீசியம் குளோரைடோ தெளிப்பார்கள். இவை இன்னும் மோசம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டிப் போனால்தான் தானாக நீர் கோர்க்கும். இவற்றுக்கு அதில் பாதிக்கும் குறைவான ஈரப்பதமே போதும். கார் காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், மடிப்புகளுக்குள் ஈரம் அப்படியே இருக்கும்.

அப்புறம் கேரேஜ். கதகதப்பான கேரேஜில் நிறுத்தினால் காருக்கு நல்லது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். உப்பும் சேறுமாக வந்த காரை அப்படியே சூடான இடத்தில் நிறுத்துவதுதான் நீங்கள் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். துரு ஒரு வேதிவினை, சூடு ஏற ஏற வேகமாகும். அதே கார் வெளியே மைனஸ் 10 டிகிரியில் நின்றால் அந்த வினை கிட்டத்தட்டத் தூங்கிவிடும். காற்றோட்டமான, கூரை மட்டும் போட்ட ஷெட் இதற்கு எவ்வளவோ மேல். சூடான கேரேஜ்தான் இருக்கிறது என்றால், அடியைக் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள், ஒரு ஃபேனைக் காருக்கு அடியில் ஓட விடுங்கள்.

சரி, கேமராவைக் கீழே கொண்டு போகிறேன். கதவுக்கு அடியில் நீளமாக ஓடுகிற பெட்டி தெரிகிறதா? இதுதான் சில். உள்ளே குழலாக இருக்கும். இதோ இந்தச் சின்ன ஓட்டைகள் வடிகால். உள்ளே வரும் தண்ணீர் இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். மண்ணும் இலைத்தூளும் அடைத்துக்கொண்டால் சில் ஒரு தொட்டியாகிவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே கரையான் அரித்த மரமாகத் தகடு பொடிந்துகொண்டிருக்கும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால், உள்பக்கம் வேலை எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரை மடிக்கிற கார் என்றால் இன்னொரு வடிகாலும் இருக்கிறது. கூரைத் துணியில் விழும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் இறங்கி, குழாய் வழியாகக் காருக்கு அடியில் போய்விடும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளிலும் இந்தக் குழாய் அடைபட்டால் தண்ணீர் நேராக சில்லுக்குள் போகும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் அந்தக் கார்கள் துருப்பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சேஸி ரெயிலும், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டத்தின் நீளக் கட்டையும், இரட்டைத் தகடு. அங்கேயும் ஈரம் தங்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வடிகாலைச் சுத்தம் செய்ய, வளையக்கூடிய நைலான் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். கூரான இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். கம்பியை விட்டு எடுத்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே ஊற்றிய வேகத்திலேயே கீழே வர வேண்டும்.

சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கட்டாயம் கழற்றுங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு மனசு தாங்காது. இதோ பாருங்கள், எவ்வளவு சேறு! இது காய்வதே இல்லை, உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டோடு ஒட்டியே இருக்கும். இதை வழித்து, கழுவி, இரண்டு நாள் காயவிட்டால்தான் அடுத்த வேலை. ஜாக்கி வைக்கிற இடம், சஸ்பென்ஷன் ஸ்பிரிங் உட்கார்கிற தட்டு, சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று கேட்டால் அங்கே பூச்சு வேண்டாம், வெல்டிங் வேண்டும். அந்த நிலையில் மேலே எதைப் பூசினாலும் ஏமாற்றுதான்.

எல்லாப் பழைய காரும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. போர்ஷே 911 காருக்கு 1976 மாடலிலிருந்து உடல் முழுக்கத் துத்தநாகம் பூசிய தகடுதான். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். அதனால் அந்தத் தலைமுறைக் கார்களில், விபத்துக்குப் பிறகு வெல்டிங் செய்த இடங்களை முதலில் பார்க்க வேண்டும், அங்கே துத்தநாகம் போயிருக்கும். டிலோரியனின் வெளித்தகடு துருப்பிடிக்காத ஸ்டீல். ஆனால் அதைத் தாங்கும் சேஸி எபாக்ஸி பூசிய சாதாரண ஸ்டீல். பூச்சு உடைந்தால் வெளித்தகடு மின்னிக்கொண்டிருக்கும்போதே அடியில் சேஸி போய்விடும். 1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் அலுமினிய உடல். அங்கே இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடுகிற இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரிபடும். உங்கள் காரை எந்த உலோகத்தால் செய்தார்கள், எப்படி ஒட்டவைத்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு பூச்சு டப்பாவைத் திறவுங்கள்.

இப்போது பூச்சு. ரப்பர் மாதிரி கெட்டியாகிற கறுப்பு அண்டர்கோட்டிங்கைப் பழைய காரில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புதுத் தகட்டில் அது சரி. பழைய தகட்டில் ஏற்கனவே துரு இருக்கும். கல் பட்டுப் பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் ஈரம் உள்ளே போய்விடும், திரும்ப வராது. நான் பயன்படுத்துவது இரண்டு வகை. அடிப்பக்கத்துக்கு லேனோலின், அதாவது ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் கொழுப்பு. இது கெட்டியாகாது, தகட்டின் இணைப்புகளுக்குள் ஊர்ந்து போகும். வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டும், சேற்றில் கொஞ்சம் கழுவிப் போகும், பரவாயில்லை. சில்லுக்கும் கதவுக்கும் உள்பக்கம் மெழுகு வகை. நுனியில் சுற்றிலும் துளையுள்ள நீளக் குழாயைக் கடைசி வரை விட்டு, பின்னால் இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். வடிகாலில் மெழுகு சொட்ட ஆரம்பித்தால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டி முடித்ததும் ஓட்டையை மறுபடி குத்தித் திறந்துவிடுங்கள், மெழுகே அடைத்துக்கொள்ளும். பிரேக் டிஸ்க், காலிப்பர், எக்ஸாஸ்ட் மேல் பட்டுவிடக் கூடாது, முன்பே பிளாஸ்டிக் சுற்றி மூடிவிடுங்கள். லேனோலின் சில வகை ரப்பரை உப்ப வைக்கும், அதனால் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைத் தவிர்த்துவிடுங்கள்.

துருவைத் தடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி என்று ஒன்று விற்கிறார்கள், பேட்டரியில் மாட்டிவிட்டால் போதுமாம். கப்பலிலும் மண்ணில் புதைத்த குழாயிலும் மின்சாரத்தால் துருவைத் தடுப்பது உண்மைதான். அங்கே உலோகம் முழுக்கத் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ மூழ்கி இருக்கும், மின்சாரம் சுற்றி வர வழி இருக்கும். கார் காற்றில் நிற்கிறது. அந்தக் காசுக்கு இரண்டு டப்பா மெழுகு வாங்குங்கள்.

ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரோடு வரும் கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பித்துவிடும். பனிக்கால டயர் கட்டாயம். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் குறி இருக்க வேண்டும், நான்கு சக்கரத்துக்கும் போட வேண்டும். நிறுவனம் அனுமதிக்கிற அளவில் சின்ன ரிம், ஒல்லியான டயர் நல்லது, பனியை அழுத்தி இறங்கும், பள்ளத்தில் ரிம்மும் தப்பும். குளிரில் காற்று குறையும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ வரை போய்விடும், அடிக்கடி பாருங்கள். கார் வழுக்கும்போது தானாகத் திருத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும்தான் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயமானது. நம் காரில் அது இருக்காது, பலவற்றில் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸும் இருக்காது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ, கியரைக் குறைத்து கிளட்சைப் படாரென்று விட்டாலோ பின்சக்கரம் பிடியை விட்டுவிடும். இரண்டாம் கியரில் கிளம்புங்கள். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யப் பழகிவிட்டால் இந்த மாதிரிக் கார் பேசுகிறதெல்லாம் கைக்குக் கேட்கும். அந்த உணர்வுக்காகத்தான் நான் இவ்வளவும் செய்கிறேன்.

பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக உள்ள துணிக்கூரையைக் குளிரில் மடிக்கவே மடிக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். பேட்டரியை முழுச் சார்ஜில் வையுங்கள், சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்து வெடிப்பு விடும்.

கழுவுவது எப்போது? வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் ஏறுகிற நாளில். அடியில் அதிகச் சூடில்லாத நல்ல தண்ணீரை நிறைய, நிதானமாக ஓடவிடுங்கள். தண்ணீரைச் சுழற்சி செய்யும் தானியங்கி வாட்டர் வாஷில், முந்தைய கார்களின் உப்பு உங்கள் காருக்கு அடியில் வந்துசேரலாம், கேட்டுவிட்டுப் போங்கள். கழுவியதும் நிறுத்திவிடாமல் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், பிரேக் சூடாகி டிஸ்க் காயட்டும். கல் தெறித்துப் பெயிண்ட் போன இடத்தை அன்றைக்கே துடைத்து டச்-அப் பெயிண்ட் வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வசந்தம் வந்து, நல்ல மழை இரண்டு மூன்று முறை சாலையைக் கழுவிய பிறகு லைனரை மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போது பிரேக் ஆயில் போகும் குழாயான பிரேக் லைனை விரலால் முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். கிளிப் பிடிக்கிற இடத்தில் சொரசொரப்பாகச் செதில் எழும்பியிருந்தால் காத்திருக்க வேண்டாம், செம்பு-நிக்கல் கலவைக் குழாயாக மாற்றிவிடுங்கள். அது துருப்பிடிக்காது, வளைப்பதும் எளிது. உங்கள் காரில் வடிகால் ஓட்டைகள் எங்கே என்று தெரியவில்லை என்றால் மாடலையும் வருடத்தையும் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த கார்களுக்கு அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.