உளியைத் தேடி வரும் சாணைமேசை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்கள் மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டுவதற்குத் தீட்டத் தெரியாமை காரணமன்று. கல் ஒரு மூலையிலும் தண்ணீர் மற்றொரு மூலையிலும் துடைக்கும் துணி வேறெங்கோவும் கிடப்பதால், 'இந்தத் துளையை முடித்துவிட்டுத் தீட்டிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதே காரணம். ஆகவே, தீட்டுவதற்கு வேண்டிய அனைத்தையும் ஒரே மேசையில் அடக்கி, அதை வேலை நடக்கும் இடத்துக்கே உருட்டிக்கொண்டு வரும்படி செய்துகொள்வது நல்லது.

சக்கரம் என்றதும் நான்கு கால்களிலும் பூட்டுள்ள சுழல் சக்கரங்களை மாட்டத் தோன்றும். நானும் மாட்டினேன். பூட்டுப் போட்ட பின்னும் சுழலும் பகுதியில் சிறு ஆட்டம் எஞ்சியிருந்ததால், உளியைக் கல்லில் அழுத்தித் தள்ளும்போதெல்லாம் மேசை அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) நகர, கோணம் கலைந்து, கூர்முனை உருண்டுபோயிற்று. பிறகு அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்கால்களின் பின்முகத்தில் மட்டும் திரும்பாத சக்கரங்கள் இரண்டை, தரைக்கு ஒரு நூல் மேலே நிற்கும்படி பொருத்தினேன். முன்பக்கக் கைப்பிடியைத் தூக்கினால் மேசை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப் போல உருளும். இறக்கிவிட்டால் பாரம் முழுவதும் கால்களில் இறங்கி, மேசை அசையாமல் நிற்கும். அடித்தட்டில் கனமான பொருள்களை வைப்பதானால் சக்கரத்தை ஒட்டி வையுங்கள். தூக்கும் கைக்கு வலி குறையும்.

உயரத்தை இடுப்பளவில் வைத்துக்கொண்டால், தோளின் பாரத்தையும் கல்லின் மீது இறக்க முடியும். மேல்பலகையில் விளிம்பு கட்டிய தட்டு ஒன்றும், அதற்குள் முதலில் தீட்டும் 1000 எண் கல்லும், பிறகு மெருகேற்றும் நுண்ணிய 6000 எண் கல்லும் (இரண்டும் தண்ணீர் விட்டுத் தீட்டும் தண்ணீர்க் கற்கள்) நகராதபடி தடுப்புச் சட்டங்களும் போதும். தண்ணீர்க் கல் நடுவில் குழிவதால், அதைச் சமப்படுத்த ஒரு வைரத் தகடும் பக்கத்திலேயே இருக்கட்டும். மேசையின் ஓரத்தில் இரண்டு மரக்கட்டைகளை ஆணியடித்து வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் இறுக்கும் உருளைப்பிடியில் (உளியை ஒரே கோணத்தில் பிடித்தபடி கல்லின் மீது உருளும் சிறு கருவி) உளியைச் செருகி, முனை பிடிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் நீண்டால் 25 பாகையும், 30 மில்லிமீட்டர் நீண்டால் 30 பாகையும் கிடைக்கும். அந்த அளவுகளைக் கட்டைகளே காட்டிவிடுவதால் அளவுகோலைத் தேட வேண்டியதில்லை. இந்த மேசையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதல் கல்லில் தீட்டியபின் உளியின் தட்டையான முதுகில் விரலை மெல்ல முனையை நோக்கி இழுத்தால், முழு அகலத்துக்கும் மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும். அது வராமல் அடுத்த கல்லுக்குப் போவது வீண்.

மின்சாணையை இதே மேசையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தீப்பொறி மரத்தூளில் விழுந்து உடனே தெரியாமல் புகைந்துகொண்டிருக்கக்கூடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் மேசையைத் தூளில்லாத இடத்துக்கு உருட்டிச் சென்று சாணை பிடியுங்கள். முனை நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் உரம் போய்விட்டது என்று பொருள், அதைத் தேய்த்து நீக்கும் வரை கூர் நிற்காது. வேலை முடிந்ததும் உளியின் ஈரத்தைத் துடைத்து எண்ணெய் தடவ ஒரு துணி வேண்டும்; அதை இழுப்பறைக்குள் போடாமல், கைப்பிடியிலேயே தொங்கவிடுங்கள்.