மேசைமேல் விரித்து வைத்த நோட்டு

வணக்கம் நேயர்களே.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டாவில் கிளை நூலகம் எதிலாவது நுழைந்தால், வாசலோர மேசையில் நீள நோட்டு ஒன்று விரித்திருக்கும். வருகைப் பதிவேடு. வரிசை எண், பெயர், முகவரி, கையெழுத்து என்று கோடு போட்டிருப்பார்கள். சில இடங்களில் செல்பேசி எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு. உங்களுக்கு முன்னால் வந்தவர்களின் பெயரும் தெருவும் அப்படியே கண்ணில் படும். உங்களுடையது அடுத்து வருபவர் கண்ணில் படும்.

அரசுக் கண்காணிப்பு என்றதும் தொலைபேசி ஒட்டுக்கேட்பு, கேமரா என்றுதான் மனம் போகிறது. நூலகத்தைப் பொறுத்தவரை விஷயம் இந்த நோட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சட்டம் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், நூலகத்திடம் இருப்பதைத்தான் கேட்க முடியும். எழுதி வைக்காத ஒன்றை எந்த ஆணையாலும் வாங்கிப் போக முடியாது. ஆகவே எதை எழுதுகிறோம், எத்தனை நாள் வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதை உலகம் பேசத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் அமெரிக்காவின் 2001-ஆம் ஆண்டு பேட்ரியட் சட்டம். அதன் 215-ஆவது பிரிவு, ரகசிய நீதிமன்றம் ஒன்றின் ஆணையோடு, நூலகப் பதிவு உட்பட எந்த ஆவணத்தையும் எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பு கேட்க வழி செய்தது. கேட்டார்கள் என்ற செய்தியையே வெளியே சொல்லக் கூடாது. அந்தப் பிரிவு 2020 மார்ச்சில் காலாவதியாகிவிட்டது. அதைவிட எளிய கருவி ஒன்றும் அவர்களிடம் உண்டு: தேசியப் பாதுகாப்புக் கடிதம். நீதிபதி கையெழுத்தே வேண்டாம். 2005-இல் கனெக்டிகட் மாநில நூலகக் கூட்டமைப்பு ஒன்றுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று மாலை 4 மணியிலிருந்து 4.45 வரை ஒரு குறிப்பிட்ட கணினி இணைப்பைப் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டது. நான்கு நூலகர்கள் தங்கள் பெயரைக்கூட வெளியிட முடியாத நிலையில் வழக்குத் தொடுத்தார்கள். 2006-இல் வாய்ப்பூட்டு விலகியது, கடிதமும் கைவிடப்பட்டது. அங்கே 48 மாநிலங்களில் நூலகப் பதிவுகளின் ரகசியத்துக்கென்றே சட்டம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கம் அப்படி ஒன்று இல்லை. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலக ஆணைக்குழுவையும் நூலக வரியையும் தந்தது. வாசகர் ரகசியத்துக்கு அதில் தனிப் பிரிவு கிடையாது. வழக்கறிஞரும் கட்சிக்காரரும் பேசிக்கொண்டதைச் சாட்சியச் சட்டம் காக்கிறது. நூலகருக்கும் வாசகருக்கும் நடுவில் அந்தக் காப்பு இல்லை. நம்மிடம் இருக்கும் பெரிய பிடிமானம் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தந்த புட்டசாமி தீர்ப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை. அதில் அரசு கை வைத்தால் சட்டத்தின் அடிப்படை இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவோடு இருக்க வேண்டும் என்றது அது.

இணையத் தகவலை இடைமறிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, தொலைபேசிக்கு 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம். இரண்டிலும் ஆணை பொதுவாக மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் மட்டத்திலிருந்து வரவேண்டும். ஒரு ஆணை 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளுக்கு மேல் போகாது. கிளை நூலகத்தின் படியேறி இவை வருவது அபூர்வம். வரக்கூடியது வேறு: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 91 என்றிருந்ததுதான் இது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும், நீதிபதியிடம் போகாமலே, எழுத்துப்பூர்வமான ஆணையால் ஆவணத்தையோ மின்பதிவையோ கேட்கலாம். 'எழுத்துப்பூர்வமான' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் பார்க்கும்போது "அந்தப் பையன் என்ன புக்கு எடுத்தான் சார்?" என்று கேட்பது ஆணை ஆகாது.

பதிவு எப்படிச் சேர்கிறது என்று பார்ப்போம். அட்டை முறை தெரிந்த பழைய நூலகர்களுக்கு பிரவுன் முறை நினைவிருக்கும். வாசகரிடம் பை வடிவில் சிறு சீட்டு இருக்கும். புத்தகத்தின் உள்ளே ஒரு புத்தக அட்டை. இரவல் கொடுக்கும்போது புத்தக அட்டையை வாசகர் சீட்டுக்குள் செருகி, தேதிவாரியாகத் தட்டில் அடுக்குவார்கள். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குப் போகும், சீட்டு வாசகர் கைக்குப் போகும். அவ்வளவுதான், யார் எதைப் படித்தார் என்பதற்குத் தடயமே மிஞ்சாது. நியூவார்க் முறையில் அப்படியில்லை. புத்தக அட்டையிலேயே உறுப்பினர் எண்ணையும் தேதியையும் எழுதுவார்கள். பத்து ஆண்டு கழித்தும் அந்த அட்டை பேசும். இன்றும் சில நூலகங்களில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் உறுப்பினர் எண்ணை எழுதுகிறார்கள். தேதி மட்டும் போதும். எண் தேவையே இல்லை.

கணினி வந்தபோது நாம் அறியாமலே நியூவார்க் பக்கம் சாய்ந்துவிட்டோம். கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இரவல் கணக்கைப் பார்க்கும் கோஹா மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் திரும்பியதும் அந்த வரி அழிவதில்லை. பழைய இரவல்களுக்கான அட்டவணைக்கு நகர்கிறது, வாசகர் எண்ணோடு. இதைத் துண்டிக்க வழி இருக்கிறது. முதலில் 'அனானிமஸ் பேட்ரன்' என்ற அமைப்பில், உண்மையில் யாரையும் குறிக்காத ஒரு உறுப்பினரை உருவாக்கி அவர் எண்ணைத் தரவேண்டும். பிறகு, பழைய இரவல்களில் வாசகர் எண்ணுக்குப் பதிலாக அந்த எண்ணைப் போடும் 'பேட்ச் அனானிமைஸ்' என்ற நிரலை, இத்தனை நாளுக்கு மேற்பட்டவை என்று சொல்லி, தினமும் இரவில் ஓட விடவேண்டும். பெரும்பாலும் தவறுவது முதல் படியில்: எண் பூஜ்யமாகவே கிடக்கும், வேலை நடக்காது, நடந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. இரவல் அட்டவணையைச் சுத்தம் செய்தாலும், நிகழ்வுப் பதிவு அட்டவணையிலும் புள்ளிவிவர அட்டவணையிலும் அதே வாசகர் எண் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது, பேக்கப். பெட்டகத்தில் மூன்று ஆண்டு பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அழித்ததெல்லாம் அதில் பத்திரமாக இருக்கும்.

"வாசகர் நேரத்தைச் சேமி" என்ற நூலகவியல் விதியைக் காட்டி, பழைய பட்டியல் வாசகருக்கு உதவும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த விதியைத் தந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர்தான். முன்பு படித்தது எது என்று பார்க்க விரும்பும் வாசகர், வைத்திருங்கள் என்று சொல்லட்டும். கோஹாவில் வாசகரே தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. கேட்காதவருக்கும் சேர்த்து வைத்திருப்பது சேவையாகாது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் 2017-ஐ நினைத்துப் பார்க்கலாம். தஞ்சாவூர் மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவும் போராட்டமும் கைதுகளும் நடந்த நேரம். அப்போது ஹைட்ரோகார்பன் பற்றிய புத்தகத்தை விவசாயி எடுத்திருப்பார், நிருபர் எடுத்திருப்பார், ஐ.டி.ஐ. மாணவர் எடுத்திருப்பார், ஏன், பந்தோபஸ்துக்கு வந்த காவலரும் எடுத்திருப்பார். எடுத்தார் என்பதைத்தான் பட்டியல் சொல்லும். எதற்காக என்று சொல்லாது. பட்டியலைப் படிப்பவர் காரணத்தைத் தானே எழுதிக்கொள்வார்.

அடுத்தது பொதுக் கணினி. 2011-இன் சைபர் கஃபே விதிகள் அடையாளச் சான்று கேட்கச் சொல்கின்றன. வந்தவர், கணினி எண், உள்ளே வந்த நேரம், போன நேரம், பார்த்த தளங்கள் எல்லாவற்றையும் குறைந்தது ஒரு வருடம் வைக்கச் சொல்கின்றன. கணினிகளைப் பிரிக்கும் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்பில்லாத கணினியின் திரை பொது இடத்தைப் பார்த்து இருக்கவேண்டும். தொழிலாக இணைய வசதி தருபவர்களைத்தான் சட்டம் சைபர் கஃபே என்கிறது. இலவச நூலகம் இதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. வராது என்பது என் கருத்து. இருந்தாலும் பயத்தில் பலர் அதே நோட்டைப் போடுகிறார்கள். போடுவதென்றால் ஒரு வருடம் முடிந்ததும் கழித்துவிடுங்கள். ஐந்து வருட நோட்டைப் பீரோவில் அடுக்க எந்த விதியும் சொல்லவில்லை.

நடைமுறையில் பெரிய ஓட்டை டவுன்லோட்ஸ் ஃபோல்டர். பயிர்க் காப்பீட்டு ரசீது, சிட்டா, டி.என்.பி.எஸ்.சி. ஹால் டிக்கெட், இ-ஆதார் என்று குவிந்து கிடக்கும். இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்பார்கள். அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். ஒரே ஊர்க்காரருக்கு இதில் என்ன ரகசியம்? மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருளைப் போடுங்கள். முடியாவிட்டால் கெஸ்ட் கணக்கை மட்டும் திறந்து வையுங்கள். மதிய இடைவேளையில் ஒருமுறை, மூடும்போது ஒருமுறை அணைத்துப் போடுங்கள். உறுப்பினர் படிவத்தோடு ஆதார் நகலைப் பின் அடிப்பதையும் நிறுத்தலாம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நகல் கட்டாயம் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிவைக் கழிப்பது முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணைப்படி, மேலிடத்து ஒப்புதலோடு நடக்கவேண்டும். தணிக்கைக்கு வேண்டும் என்று எல்லாவற்றையும் வைத்திருப்பார்கள். தணிக்கைக்கு வேண்டியது எண்ணிக்கையும் நிலுவையும்தான். ஆனால் ஆணை வந்த பிறகு ஒரு தாளைக் கிழித்தாலும் அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவில் குற்றம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு வாய்க்காலில் இறங்கித் தூர் வார முடியுமா? அதுபோலத்தான்.

காவல்துறையினர் வந்தால்? முகப்பில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டாம், நூலகரிடம் அனுப்பட்டும். நூலகர் சொல்லவேண்டியது மரியாதையான ஒரே வரி: "ஏட்டய்யா, ஸ்டேஷன்லேர்ந்து லெட்டர் ஒண்ணு கொடுத்துடுங்க, டி.எல்.ஓ.கிட்ட கேட்டுட்டுத் தர்றேன்." டி.எல்.ஓ. என்றால் மாவட்ட நூலக அலுவலர். கடிதம் வந்தால் குற்ற எண், பிரிவு, எந்தப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். 'எல்லா வாசகர் விவரமும்' என்றிருந்தால், குறிப்பாகக் கேட்கும்படி எழுத்திலேயே பதில் கொடுங்கள். ஒரு நாள் விவரம் கேட்டால் அந்த நாளின் பக்கத்தை மட்டும் நகலெடுங்கள். பக்கத்திலும் மற்றவர் பெயரை மறைக்கலாம். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். சோதனைக்கே வந்துவிட்டால் தடுக்கக் கூடாது. பட்டியல் போடுகிறார்களா, சாட்சிகள் இருக்கிறார்களா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு சொல்வதுபோல் ஒலி-ஒளிப் பதிவு நடக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஆணையே வரம்பு மீறியது என்று தோன்றினால் உயர் நீதிமன்றம். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போகவேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை.

சிற்றூரில் காவல்துறையைவிட அடிக்கடி கேட்பவர்கள் வாசகரின் வீட்டார். "சார், எம் பொண்ணு இங்க வந்தாளா, என்ன புத்தகம் எடுத்தா?" சிறப்புத் திருமணச் சட்டம் பற்றிப் படித்த பெண்ணுக்கு, விவாகரத்துச் சட்டம் புரட்டிய மனைவிக்கு, இந்தக் கேள்விக்கான பதில் எந்த அரசாணையையும்விட ஆபத்தானது. "அண்ணே, யார் வந்தாங்க, என்ன எடுத்தாங்கன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லை" என்பதோடு நிறுத்துங்கள். வந்தாளா இல்லையா என்பதும் தகவல்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டுக் கேட்டாலும், இரவல் எண்ணிக்கையைத் தரலாம்; ஆளின் பட்டியலை, தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுக்கலாம்.

வாசகர்களுக்கு ஒன்று. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கவேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன. வந்த பிறகும், 17(4) பிரிவு அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் அழிக்கும் கடமையிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. அப்போது தனியார் கல்லூரி நூலகத்தில் உரிமையாகக் கேட்கலாம். அரசு நூலகத்தில் கோரிக்கையாகத்தான் கேட்கவேண்டும்: வருகை நோட்டில் செல்பேசிக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி, பழைய இரவல் பதிவை எத்தனை மாதம் வைக்கிறீர்கள் என்று கேட்டு, நூலகருக்கு ஒரு பிரதி, மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பிரதி எழுதிப் போடுங்கள். வாசகர் வட்டம் இயங்கும் ஊர்களில் வட்டத்தின் பெயரில் எழுதினால், தனி ஆளின் பெயர் அதிலும் பதிவாகாது.

வணக்கம்.